விழுந்த மரத்துக்கு என்ன அவசரம்?



போன வாரம் அடிச்ச கோடைமழைக் காத்துல எங்க ஊரைச் சுத்தி நாலஞ்சு தோப்புல மரம் சாஞ்சு கிடக்கு. மழை விட்ட மறுநாள் காலையிலேயே மெஷின் ரம்பச் சத்தம் கேக்க ஆரம்பிச்சிருச்சு. சாஞ்ச மரத்தை உடனே வெட்டணும், உடனே ஏத்தணும், உடனே காசாக்கணும்னு எல்லாருக்கும் ஒரு வேகம் வந்துருது. நிக்கிற மரத்தை வெட்டுறதுக்குக் கூட நல்ல நாள் பாக்குறோம். விழுந்து கிடக்கிற மரத்துக்கு என்ன அவசரம்? இதைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதை இன்னைக்கு எழுதலாம்னு இருக்கேன். இதுல பெரும்பாலும் கஜா புயலுக்கு அப்புறம் தெரிஞ்சுக்கிட்டதுதான்.

புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. எங்க ஊர் புதுக்கோட்டை மாவட்டத்துல கீரமங்கலம் பக்கம். செம்மண் பூமி. பலா, தென்னை, மா, வாழை, பூ, இதுதான் எங்க பொழப்பு. எனக்கு இருக்கிறது ரெண்டரை ஏக்கர். அதுல ஒன்றரை ஏக்கர் எங்க அப்பா காலத்துத் தோப்பு. தென்னை 80க்கு மேல, பலா ஒன்பது, மா நாலு, வேலியோரம் ஒரு புளி, ரெண்டு வேம்பு, கொஞ்சம் பூவரசு, வாகை. வெயில் உள்ளே இறங்காது. சித்திரையில கூட கட்டில் போட்டுப் படுக்கலாம்.

2018 நவம்பர் 16, விடியக்காலம். நடுராத்திரிக்கு மேல வேதாரண்யம் பக்கம் கரையேறின புயல் உள்ள வந்து எங்களைப் போட்டுப் புரட்டுச்சு. விடிஞ்சு தோப்புக்குப் போனா, தோப்புக்குள்ள வானம் தெரியுது. தென்னையில பாதிக்கு மேல போயிருச்சு. சிலது இடுப்புல ஒடிஞ்சும் சிலது வேரோட புடுங்கியும் கிடந்துச்சு. பலா ஒன்பதுல ஆறு போச்சு. புளி, ஒரு வேம்பு, ரெண்டு மா. அப்ப ஊருல யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்லல. எல்லார் வீட்லயும் அதே கதைதான்.

மூணாவது நாலாவது நாள்லயே மர வியாபாரிங்க வர ஆரம்பிச்சாங்க. வெளியூர் ஆளுங்க. தோப்புக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டு, "எல்லாத்தையும் நாங்களே வெட்டி எடுத்துக்கிறோம், மொத்தமா இவ்வளவு"ன்னு ஒரு தொகை சொன்னாங்க. ரெண்டு மாசம் முன்னாடி ஒரு பலா மரத்துக்குக் கிடைச்சிருக்கும், அந்தத் தொகை. கேட்டா, "அண்ணே, ஊர் பூரா மரம் கிடக்கு, யாரு வாங்குவா?"ன்னாங்க. அதுவும் உண்மைதான். அரசாங்கம் தென்னை ஒண்ணுக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய்னு அறிவிச்சிருந்தாங்க. அது கைக்கு வர்ற வரைக்கும் வீட்டுச் செலவுக்கு என்ன செய்யறது? பக்கத்துத் தோப்புக்காரர் கொடுத்துட்டாரு. அவருக்கு சொசைட்டிக் கடனும் வெளிக் கடனும் கழுத்தை நெரிச்ச நேரம். அவர் மேல ஒரு குறையும் சொல்ல முடியாது. காத்திருக்க முடிஞ்சவனுக்குத்தான் நான் இப்பச் சொல்லப் போற கணக்கு பொருந்தும்.

எங்க வீட்டுல அன்னைக்கு முடிவு எடுத்தது என் மனைவிதான். வியாபாரி திண்ணையில உக்காந்திருக்கும்போதே உள்ளேருந்து கேட்டா.

"ஏங்க, கரண்டு எப்ப வரும்னு தெரியல. சிலிண்டர் வண்டி ரோட்டுல மரம் கிடக்குதுன்னு வரல. நம்ம வீட்டுக்கும் உங்க அண்ணன் வீட்டுக்கும் சேர்த்து பன்னெண்டு பேருக்கு விறகு அடுப்புலதான் உலை வைக்கிறேன். எல்லாத்தையும் ஏத்தி விட்டுட்டு அடுப்புக்கு என்னத்தை வைப்பேன்? மரம் என்ன ஓடியா போயிரும்? கிடக்கட்டும்."

கிடக்கட்டும்னு விட்டோம். எங்க பக்கம் கரண்டு வர ஒரு மாசம் ஆச்சு. அந்த ஒரு மாசமும் புயல் போட்டுட்டுப் போன சுள்ளியும் தென்னை மட்டையும்தான் ரெண்டு குடும்பத்துக்கும் சோறு ஆக்குச்சு.

வெட்டுறதுக்கு ஆள் தேடும்போதுதான் ஒரு பெரியவர் கிடைச்சார். எழுபதை நெருங்கின வயசு. சின்ன வயசுலேருந்து மரம் அறுத்துப் பழகின கை. ஊர்ல எல்லாரும் அவரைச் சித்தப்பான்னுதான் கூப்பிடுவோம். மெஷின் பிடிக்க என் மச்சான் மகன் வந்தான். முதல் நாள் வந்த சித்தப்பா கோடாலியைக் கையிலேயே தொடல. தோப்பை மட்டும் சுத்தி வந்தார். மெஷினைக் கிளப்பப் போன பையனைப் பார்த்து, "தம்பி, அதைக் கீழ வையி. நிக்கிற மரத்துக்கு ஒரு பக்கம்தான் பாரம். விழுந்த மரத்துக்கு எந்தப் பக்கம் பாரம்னு அதுக்கே தெரியாது. முதல்ல பாரு"ன்னார்.

அன்னைக்கு அவர் பார்க்கச் சொன்னது நாலு விஷயம்.

ஒண்ணு, கரண்டு கம்பி. மரத்துக்கு அடியில கம்பி மாட்டியிருக்கா, கிளைக்குள்ள சுத்தியிருக்கான்னு பாக்கணும். ஊர் பூரா கரண்டு இல்லைன்னு தைரியமா தொடக்கூடாது. எவனாவது ஜெனரேட்டரை வீட்டு வயர்ல கொடுத்திருந்தா அது லைனுக்குத் திரும்பி வந்துரும். லைன்மேன் வந்து சொல்ற வரைக்கும் அந்த மரத்துப் பக்கமே போகல.

ரெண்டு, தலைக்கு மேல. ஒரு மரம் விழும்போது பக்கத்து மரத்துக் கிளையை ஒடிச்சு மேலேயே தொங்க விட்டிருக்கும். நம்ம கீழ குனிஞ்சு வெட்டிக்கிட்டு இருப்போம், அது அசைஞ்சு அசைஞ்சு எப்ப இறங்கும்னு தெரியாது. அதை முதல்ல கயிறு போட்டு இழுத்துத் தள்ளணும். ஒரு மரம் இன்னொரு மரத்துல சாஞ்சு மாட்டிக்கிட்டு இருந்தா அதுக்கு அடியில நடக்கவே கூடாது.

மூணு, பாரம். கட்டை எங்க தாங்கி நிக்குது, எங்க அந்தரத்துல இருக்கு, எந்தக் கிளை வில்லு மாதிரி வளைஞ்சு மண்ணுல அழுந்தியிருக்கு. வளைஞ்ச கிளையைப் பொசுக்குன்னு வெட்டினா அது நிமிரும்போது ஆளை அடிச்சுரும்.

நாலாவதுதான் முக்கியம். வேர்.

வேரோட சாஞ்ச மரத்துல, தூர் பக்கம் வேரும் மண்ணும் சேர்ந்து ஒரு சுவர் மாதிரி எழும்பி நிக்கும். அதுக்குப் பின்னாடி பெரிய குழி. எங்க பெரிய பலாவோட குழி ஓராள் ஆழம் இருந்துச்சு. மழைத் தண்ணி அடியில தேங்கிக் கிடந்துச்சு. பள்ளிக்கூடம் இல்லாத நாள், தெருப் பிள்ளைங்க நாலஞ்சு பேர் அந்தக் குழிக்குள்ள இறங்கி வேரைப் பிடிச்சு ஊஞ்சல் ஆடிக்கிட்டு இருந்தாங்க. சித்தப்பா அதைப் பார்த்ததும் போட்ட சத்தம் இன்னைக்கும் காதுல இருக்கு. அத்தனை பிள்ளைங்களையும் மேல ஏத்தி ரோட்டுக்கு விரட்டிட்டு, என் மனைவியைக் கூப்பிட்டு, "ஆத்தா, நான் சொல்ற வரைக்கும் ஒரு குஞ்சு குளுவான் இந்தப் பக்கம் வரப்படாது. நீ இங்கயே நில்லு"ன்னு காவலுக்கு நிறுத்தினார்.

ஏன்னு அப்ப எங்களுக்கு முழுசாப் புரியல. மூணு நாள் கழிச்சு அந்தப் பலாவை அறுக்கும்போதுதான் பார்த்தோம். கொப்பெல்லாம் கழிச்சு முடிச்சு, தூர்லேருந்து நாலடி விட்டு அடிமரத்தை அறுத்தான் பையன். அடிமரத்தோட கனம்தான் அந்த வேர்ச் சுவரைச் சாய்ச்சுப் பிடிச்சிருந்துச்சு. அறுப்பு முடிஞ்ச நொடி, அந்தச் சுவர் அப்படியே எழும்பி, பழைய குழிக்குள்ள தொம்முன்னு போய் உக்காந்துருச்சு. வெட்டின நாலடிக் கட்டை நட்ட மரம் மாதிரி நிமிர்ந்து நிக்குது. தேங்கியிருந்த சேத்துத் தண்ணி பீச்சி அடிச்சது. என் மனைவி நின்ன இடத்துலயே உக்காந்துட்டா. யாரும் பேசல. அந்தக் குழிக்குள்ள ஒரு பிள்ளை இருந்திருந்தா தோண்டி எடுக்கக் கூட நேரம் இருந்திருக்காது.

எல்லா மரமும் இப்படி எழும்பாது. சிலது அசையாம அப்படியே நிக்கும், சிலது மறுபக்கம் சாயும். எது எப்படின்னு முன்கூட்டிச் சொல்ல முடியாதுங்கிறதுதான் விஷயம். அதனால வேர்க்குழிக்குள்ள யாரும் நிக்கக்கூடாது, ஆடு கூட கட்டக்கூடாது. இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தப் பதிவை எழுதறேன்னு வச்சுக்கங்க.

அறுக்கிற முறையையும் சொல்லிடறேன். கட்டையோட ரெண்டு முனையும் மேட்டுல தாங்கி, நடுவுல பள்ளமா இருந்தா, மேல்பக்கம் நெருக்கும், கீழ்ப்பக்கம் விரியும். அப்ப மேலேருந்து மூணுல ஒரு பங்கு மட்டும் அறுத்துட்டு, மிச்சத்தைக் கீழேருந்து மேல வரணும். மேலேருந்தே முழுசா அறுத்தா ரம்பத்தைக் கட்டை கவ்விக்கும். ஒரு முனை தாங்கி மறுமுனை அந்தரத்துல இருந்தா அப்படியே மாத்தி. கீழேருந்து கொஞ்சம், அப்புறம் மேலேருந்து. இல்லைன்னா பாதி அறுப்புலேயே கட்டை நீளவாக்குல சிராயா கிழிஞ்சு வந்து தாக்கும். கைலி கட்டிக்கிட்டு, செருப்பு போட்டுக்கிட்டு மெஷின் பிடிக்கக்கூடாது. ரம்பத்தோட மூக்கு நுனி வேற ஏதாவது கட்டையில பட்டா மெஷின் மூஞ்சிக்கு எகிறும்.

வரிசையும் உண்டு. முதல்ல தழை. பலாத் தழை மாதிரி ஆட்டுக்குப் பிடிச்சது எதுவும் இல்ல. ஊர்ல புல்லு பூண்டு எல்லாம் அழுகிக் கிடந்த நேரம், எங்க தழை பத்து வீட்டு ஆட்டுக்குப் போச்சு. அடுத்து மிலாறு, சுள்ளி. அதைக் கட்டுக் கட்டாக் கட்டினோம். அடுத்து கை தடிமன், தொடை தடிமன் கொப்பு. அதை ஒன்றரை முழத் துண்டாப் போட்டோம். எங்க அடுப்பு அளவு அதுதான். அடிமரத்தைக் கடைசியாத்தான் தொட்டோம்.

எந்த மரம் எதுக்குங்கிறது என் மனைவிக்கும் சித்தப்பாவுக்கும் தெரிஞ்ச அளவுக்கு எனக்குத் தெரியாது. புளி நல்ல கனல், நின்னு எரியும், ஆனா பிளக்கிறதுக்குள்ள தோள் கழண்டுரும். மா சுமாரா எரியும், நெல் அவிக்க ஆகும். வாகையும் பூவரசும் அடுப்புக்கு நல்லது. முருங்கை குப்பைக்குத்தான். அரளியை அடுப்புல வைக்கவே கூடாது, விஷம். வேம்பு நல்லா எரியும்தான், ஆனா மாரியாத்தா மரம்னு எங்க வீட்டுல அடுப்புல வைக்க மாட்டாங்க. அது பலகையாப் போச்சு. பலாவுல கொப்பு மட்டும்தான் விறகு. வைரம் பாஞ்ச அடிமரம் கதவு, நிலைக்கு ஆகிற மரம். மிருதங்கமும் வீணையும் செய்யறதே பலாவுலதான். அதைப் போய் விறகு விலைக்குக் கேட்டாங்க பாருங்க.

தென்னைதான் தலைவலி. ஊர்ல தென்னை மரத்தைத் தூக்கிட்டுப் போறதுக்கு நம்மளையே காசு கேட்டவங்க உண்டு. தென்னங்கட்டை வெளியில இரும்பு, உள்ள சோறு. ரம்பத்துப் பல்லைத் தின்னுரும். ஈரம் லேசுல போகாது. அடுப்புக்கு மட்டை, பாளை, பன்னாடை, உரிமட்டை, கொட்டாங்குச்சி, இதெல்லாம் ஆகும், மரம் ஆகாது. ஆனா அவசரம் கிடையாதுன்னு நான் சொல்ற பேச்சு தென்னைக்கு மட்டும் பொருந்தாது. அதைப் போட்டு வச்சா அழுகும். அழுகின மரத்துல காண்டாமிருக வண்டு முட்டை போடும். புழு அங்க வளர்ந்து, வண்டாகி, மிச்சம் நிக்கிற நல்ல தென்னையோட குருத்தைத் துளைக்கும். அதனால தென்னையை முதல்ல முடிச்சோம். கொஞ்சம் செங்கல் சூளைக்குக் கிட்டத்தட்ட சும்மாவே போச்சு. கொஞ்சத்தை அறுத்து மாட்டுக் கொட்டகைக்குக் கால் நட்டோம். மிச்சத்தை ஓரமா பள்ளம் எடுத்து ஆழமாப் புதைச்சோம்.

இழுத்துக்கிட்டு வர்றதுக்குத் தை பிறக்கட்டும்னு காத்திருந்தோம். கார்த்திகை ஈரத்துல டிராக்டரை உள்ள விட்டா சக்கரம் புதையும், நிக்கிற மரத்து வேரும் நசுங்கும். தையில தரை இறுகினதும் சங்கிலி போட்டு இழுத்தோம். சங்கிலியை அடிமரத்தோட தடிச்ச முனையில கட்டணும், டிராக்டர்ல கீழ்க் கொக்கியில மாட்டணும். உயரத்துல மாட்டி இழுத்தா கட்டை எங்கயாவது தட்டி நிக்கும்போது டிராக்டர் முன்பக்கம் தூக்கிக்கிட்டுப் பின்னால கவுந்துரும். ஓட்டுறவன் அடியில போயிருவான். இழுக்கும்போது சங்கிலிக்குப் பக்கத்துல யாரும் நிக்கக்கூடாது. டிரெய்லர்ல ஏத்த ரெண்டு தென்னந்துண்டைச் சாய்வா வச்சு, வடக்கயிறை அடியில கொடுத்து மேலேருந்து நாலு பேர் இழுத்தா, எவ்வளவு பெரிய கட்டையும் உருண்டு ஏறும். கீழ்ப்பக்கம் மட்டும் ஆள் நிக்கக்கூடாது.

விறகை நாங்க பச்சையிலேயே பிளந்தோம். காஞ்சா புளியெல்லாம் கோடாலிக்கு மசியாது, ஆப்பு அடிச்சு சம்மட்டி போட்டாலும் முறைச்சுக்கிட்டு நிக்கும். தரையில படாம கல்லு வச்சு அடுக்கினோம். கறையான் ஏறாது, காத்தும் போகும். மேல் வரிசையை மட்டும் பட்டை மேல் பார்க்கப் போட்டோம், மழை வழிஞ்சுரும். அடுக்குலேருந்து விறகு எடுக்கும்போது கைய உள்ள விடாதீங்க. தேள், பூரான், விரியன் எல்லாத்துக்கும் அது வீடு. ஒரு கம்பால தட்டிட்டு எடுக்கணும். பச்சை விறகு பாதித் தண்ணி. அதை எரிச்சா வர்றது முக்கால்வாசி புகைதான். ஒரு சித்திரை வெயில் முழுசாக் காஞ்சதுக்கு அப்புறம்தான் அது விறகு.

பலா அடிமரத்துக்கு வேற வைத்தியம். பட்டையை உரிச்சு, ரெண்டு முனையிலயும் சாணி அப்பி, நிழல்ல கட்டை மேல ஏத்தி வச்சோம். முனை வெடிக்காது. மறு வருஷம் சித்திரையில மூணு அடிமரத்தை வித்தேன். புயல் முடிஞ்ச நாலாம் நாள் தோப்பு மொத்தத்துக்கும் சொன்ன தொகையைப் போல மூணு மடங்கு, அந்த மூணு கட்டைக்கு மட்டும் கிடைச்சது. மிச்சம் மூணுல கதவும் நிலையும் செஞ்சோம். சித்தப்பாவுக்குப் பாதிக் கூலி காசாவும் பாதி விறகாவும் வேணும்னார். அவர் வீட்டு வாசல்ல ரெண்டு வண்டி இறக்கினோம். பக்கத்துத் தோப்புக்காரருக்கும் ஒரு வண்டி போச்சு. அவர் வீட்டுல அந்த வருஷம் பொண்ணு கல்யாணம். பந்தி சமையலுக்கு எரிஞ்சது எங்க புளிதான். எங்க அடுப்புக்கு மூணு வருஷம் வந்துச்சு. சிலிண்டர் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் சிலிண்டரை எரிச்சா கட்டுப்படியாகுமா?

பலாத் தூரை ஜேசிபி வச்சுத் தோண்டிப் போடுங்கன்னு அப்ப நிறையப் பேர் சொன்னாங்க. குழிக்குள்ள திரும்பி உக்காந்த அந்தப் பெரிய பலாத் தூரைச் சுத்தி மண்ணை மட்டும் மிதிச்சு விட்டோம். அடுத்த ஆடிக்குள்ள பக்கவாட்டுல துளிர் விட்டுச்சு. அதுல ஒண்ணை மட்டும் விட்டு மிச்சத்தைக் கிள்ளி விட்டோம். போன வருஷம் நாலு காய் காய்ச்சது. அதே ருசி.

இப்ப மரம் சாஞ்சு கிடக்கிறவங்களுக்குச் சொல்றேன். முதல்ல பிள்ளைங்களை வேர்க்குழிப் பக்கம் விடாதீங்க. கரண்டு கம்பியைப் பாருங்க. தென்னையா இருந்தா சீக்கிரம் அப்புறப்படுத்துங்க. மத்த மரமா இருந்தா, முடிஞ்சவங்க, முதல்ல வர்ற வியாபாரிக்கே கொடுத்துடாம விறகு எவ்வளவு, பலகை எவ்வளவுன்னு பிரிச்சுப் பார்த்துட்டு விலை பேசுங்க. வெட்டத் தெரிஞ்ச பெரியவங்க உங்க ஊர்லயும் ஒருத்தராவது இருப்பாங்க. கூலிக்கு வரலைன்னாலும் ஒரு நாள் கூட்டிக்கிட்டு வந்து தோப்பைச் சுத்திக் காட்டுங்க. அவங்க சொன்னதுக்கு அப்புறம் மெஷினைக் கிளப்புங்க.